இரண்டு தாள், ஒரு வெட்டுப்புள்ளி

யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணியின் மேசைக்குக் காணி உறுதி வரும், எல்லை வேலி வரும், தேசவழமைப்படி சீதனக் காணி யாருக்கு என்ற தகராறு வரும். பரீட்சைப் புள்ளி வருவது அபூர்வம். வந்தாலும் அதை இங்கே எந்த நீதிமன்றத்திலும் பதிய முடியாது. அடிப்படை உரிமை மீறல் என்று வழக்காட வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு புதுக்கடைக்கு, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அதுவும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். 2012 தை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் இல்லை. இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்க வேண்டிய காலம்.

அந்தத் தையில், கோப்புகளோடு புழுங்கிக்கொண்டிருந்த என் அறைக்கு வடமராட்சியிலிருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியர் வந்தார். கூடவே மகனும் மகளும். கையில் இரண்டு பெறுபேற்றுத் தாள்கள். இரண்டும் 2011 ஆகஸ்டில் நடந்த உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள், இரண்டும் கணிதப் பிரிவு. ஆனால் அண்ணனும் தங்கையும் எழுதியது வேறு வேறு வினாத்தாள்கள். அண்ணனுக்கு அது இரண்டாம் ஷை, அதாவது இரண்டாம் தடவை, பழைய பாடத்திட்டம். தங்கைக்கு முதலாம் ஷை, புதிய பாடத்திட்டம்.

அந்த வருடத்துச் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாடு முழுவதும் பழைய பாடத்திட்டத்தில் மறுபடி எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் முதல்முறை எழுதியவர்களும் இருந்தார்கள். வினாத்தாள்கள் இரண்டு வகை. பல்கலைக்கழக இடங்களோ ஒரே தொகுதி. ஒரு மாவட்டத்துக்கு, ஒரு கற்கைநெறிக்கு, ஒரே வெட்டுப்புள்ளி. எனவே இரு கூட்டத்தாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டும். எப்படி நிறுத்துவது என்பதுதான் வழக்கு.

டிசம்பர் இறுதியில் பெறுபேறு வந்ததுமே குழப்பம் தொடங்கியது. மாவட்ட நிலைகளில் பிழை வந்து அவை திருத்தப்பட்டன. அதைப் பற்றி நான் இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. கணினியில் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். இசட் புள்ளியைக் கணித்த முறையே சரியா என்பது வேறு கேள்வி. மாணவர்களும் பெற்றோரும் கொழும்பில் மனுத் தாக்கல் செய்தது அதற்காகத்தான்.

இசட் புள்ளி என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோரிலும் பலர் அதை வெறும் ஒரு பெரிய எண்ணாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தில் ஒரு பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழிக்கவேண்டும். மிச்சத்தை, அந்தக் கூட்டத்தின் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுக்கவேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் நான்கு தசம தானங்களோடு ஓர் எண் வரும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இந்த எண்ணில்தான் நடக்கிறது. அதற்கு முந்திய ஆண்டுகளில் வெறும் புள்ளிகளைக் கூட்டித் தீர்மானித்தார்கள். இரசாயனவியல் தாள் கடினமாக வந்த வருடம் இரசாயனவியல் எடுத்தவன் நட்டப்பட்டான். இலகுவான பாடம் எடுத்தவன் தப்பினான். அந்தக் குறையைப் போக்கத்தான் இசட் வந்தது. முறை நல்ல முறைதான். ஆனால் அது ஒன்றைக் கேட்கும்: யாருடைய சராசரி? யாருடைய விலகல்?

ஆசிரியருக்குக் காட்டிய உதாரணத்தையே இங்கும் தருகிறேன். எண்கள் கற்பனை. பழைய தாள் எழுதியவர்களின் சராசரி 50, புதிய தாள் எழுதியவர்களின் சராசரி 35, இரண்டிலும் விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு 65 எடுத்திருக்கிறார்கள். தனித்தனியே கணித்தால் அண்ணனுக்கு 1.0, தங்கைக்கு 2.0. இரு கூட்டத்தையும் சம எண்ணிக்கையில் கலந்து ஒன்றாகக் கணித்தால் சராசரி 42.5, விலகல் ஏறத்தாழ 16.8, இருவருக்கும் 1.34. கலந்ததில் அண்ணனுக்கு இலாபம், தங்கைக்கு நட்டம். பிரித்தால் மறுபக்கம். 2011இல் கலந்து கணித்திருந்தார்கள்.

மகள் எழும்பி நின்று, "அப்ப எனக்குத்தான் அநியாயம் நடந்தது" என்றாள். மகன் ஒன்றும் பேசவில்லை.

அந்த இடத்தில் எனக்கு ஒரு தொழில் தர்மச் சிக்கல். ஒரு மனுவில் இருவருக்கும் நான் தோன்ற முடியாது. ஒருவரின் நிவாரணம் மற்றவரின் இழப்பு. சகோதர வழக்குகள் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்குப் புதிதில்லை. ஆனால் அவற்றில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் முகம் திருப்பி நிற்பார்கள். இங்கே இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வாங்கில் இருந்து, ஒரே தகப்பனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாஸ்ரர், யாருக்காக வந்திருக்கிறியள்?" என்று கேட்கவேண்டி வந்தது. "ரெண்டு பேருக்கும்தான் ஐயா, வேற என்ன?" என்றார். அது தகப்பனின் பதில். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

மனுவே போடவேண்டியதில்லை என்று நான் சொன்னதற்குக் காரணம் இது மட்டுமில்லை. கணிக்கும் முறை நாடு முழுவதற்கும் பொது. ஏற்கெனவே போயிருக்கும் மனுக்களில் நீதிமன்றம் என்ன சொன்னாலும் அது எல்லாப் பரீட்சார்த்திகளையும் தொடும். இன்னொரு மனுவால் கோப்பு ஒன்று தடிக்கும். வேறு பலன் இல்லை. இருந்தாலும் மாஸ்ரர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "ஐயா, எது சரி? கலக்கிறதா, பிரிக்கிறதா?"

அதைத் தெரிந்துகொள்ளாமல் வழக்கைப் பின்தொடர்வதில் அர்த்தமில்லை என்று பட்டது. கோப்பாய் ஆசிரிய கலாசாலைப் பக்கம் பழகிய நண்பர் ஒருவரிடம் கல்வி அளவீடு பற்றிய பழைய குறிப்புகளை வாங்கிப் படித்தேன். சட்டம் படித்தவனுக்கு அந்தத் துறை அந்நியமாகப் படவில்லை. அங்கே நம்பகம் என்று ஒன்று. அதே விடைத்தாளை வேறொருவர் திருத்தினாலும், அதே பிள்ளை வேறொரு நாள் எழுதினாலும் ஏறத்தாழ அதே புள்ளி வருமா என்ற கேள்வி அது. சாட்சி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொன்னால் நாங்கள் என்ன செய்வோமோ அதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். 1888இலேயே எட்ஜ்வேர்த் என்ற அயர்லாந்துக்காரர் பரீட்சைப் புள்ளிகளைக் கணக்குப் பார்த்து, தேறியவர்க்கும் தேறாதவர்க்கும் நடுவே நிற்கும் பிள்ளைகளின் தலைவிதியில் தற்செயலுக்கும் திருத்துபவரின் மனப்போக்குக்கும் எவ்வளவு பங்கு என்று எழுதியிருக்கிறார். நான்காம் தசமத்தில் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் எங்கள் வெட்டுப்புள்ளியை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னொன்று தகுதி. அளக்க நினைத்ததைத்தான் பரீட்சை அளக்கிறதா? இதில் அமெரிக்க உளவியலாளர் மெசிக் 1989இல் ஒரு படி மேலே போனார். தகுதி என்பது வினாத்தாளின் குணமே இல்லை. புள்ளியை வைத்து நாம் எடுக்கும் முடிவு நியாயமா என்பதுதான் தகுதி என்றார். ஒரே புள்ளி ஒரு முடிவுக்குத் தகும், இன்னொன்றுக்குத் தகாது. பாடசாலையில் பிள்ளை எங்கே பிழை விடுகிறாள் என்று பார்க்க 65 உதவும். வேறொரு தாள் எழுதியவனோடு அவளை ஒப்பிட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா விடுவதா என்று முடிவெடுக்க அதே 65 போதுமா? சாட்சியச் சட்டம் படித்தவனுக்கு இது பழகிய நியாயம். ஓர் ஆவணம் எதை நிரூபிக்க முன்வைக்கப்படுகிறது என்று கேட்காமல் நாங்கள் அதை ஏற்பதில்லை.

அடுத்த முறை மாஸ்ரர் தனியே வந்தார். பிரித்துக் கணிப்பதே சரி என்று மனுதாரர்கள் வாதிடுகிறார்கள், எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"நான் எழுபத்துநாலில சோதனை எடுத்தனான் ஐயா. எங்களைத் தனியாப் பிரிச்சு வச்சுத்தானே வெட்டினவங்கள். இப்ப என்ர பிள்ளையளுக்கு நீங்களே தனியாப் பிரிச்சுத் தாங்கோ எண்டு கேக்கச் சொல்லுறியள்."

அந்தக் காலத்து ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1970இல் பொறியியலுக்குத் தமிழ்மூல மாணவன் 400க்கு 250 எடுக்கவேண்டியிருந்தது, சிங்களமூல மாணவனுக்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250, 229. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் விடைத்தாள்களுக்குத் தாராளமாகப் புள்ளி போடுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது; விசாரித்தபோது அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் தனித்தனியே எடுத்து, ஒரே சராசரிக்கும் ஒரே விலகலுக்கும் இழுத்துச் சமப்படுத்தினார்கள். அடுத்த வருடம் அதன்மேல் மாவட்டப் பங்கீடும் ஏறியது. பொறியியலுக்குப் போக இருந்த மாஸ்ரர் ஆசிரிய கலாசாலைக்குப் போய், பிறகு வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவர்.

அவருடைய கேள்வி உணர்ச்சியில் பிறந்தது என்று ஒதுக்க முடியவில்லை. கணக்கிலும் அது சரியான கேள்வி. ஒரு கூட்டத்தைத் தனியாகப் பிரித்து அதன் சராசரியை மற்றக் கூட்டத்தின் சராசரியோடு சமமாக்கும்போது நாம் ஓர் ஊகத்தை எடுக்கிறோம்: இரு கூட்டத்தாரும் சராசரியில் சம திறமை உடையவர்கள், புள்ளியில் தெரியும் வேறுபாடு எல்லாம் தாளாலோ திருத்தியவராலோ வந்தது. 1973இல் அரசாங்கம் எடுத்த ஊகம் அதே. 2011 மனுதாரர்கள் கேட்டதும் அதே ஊகத்தில்தான் நிற்கிறது. மேலே சொன்ன என் உதாரணத்தில் பழைய தாளின் சராசரி ஏன் 50? தாள் இலகுவா? அல்லது எழுதியவர்கள் ஒரு வருடம் கூடப் படித்தவர்கள் என்பதாலா? இரண்டு சராசரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் புள்ளியியலாளராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதல் காரணம் என்றால் பிரிப்பது நீதி, இரண்டாவது என்றால் பிரிப்பதில் அண்ணனுக்கு அநீதி.

உலகத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மாதமும் புதிய தாள் வைக்கும் பெரிய ஆங்கிலத் தேர்வுகளுக்கெல்லாம் இதே தலையிடி உண்டு. இரு தாள்களிலும் பொதுவாகச் சில வினாக்களை வைத்துவிடுவது அவர்கள் கையாளும் முறைகளில் ஒன்று. அந்தப் பொது வினாக்களில் இரு கூட்டத்தாரும் ஒரே அளவாகச் செய்தால் திறமை சமம். மிச்ச வேறுபாடு தாளின் கடினத்தால் வந்தது. பொது வினாக்களிலேயே ஒரு கூட்டம் முன்னுக்கு நின்றால் அது திறமை. ஆனால் இந்த ஏற்பாட்டைத் தாள் அச்சாவதற்கு முன் செய்யவேண்டும். பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, மனுவும் வந்தபின் எந்த நீதியரசராலும் அதைப் பின்தேதியிட்டு உண்டாக்க முடியாது.

அப்படியென்றால் 1973க்கும் 2012க்கும் வித்தியாசம் இல்லையா? உண்டு என்று மாஸ்ரரிடம் சொன்னேன். எழுபதுகளில் எல்லோரும் எழுதியது ஒரே தாள், ஒரே புள்ளித்திட்டம். மொழி மட்டுமே வேறு. ஒரே தாளில் எடுத்த புள்ளியை ஒப்பிடலாம். ஒப்பிடக்கூடியதைப் பிரித்தார்கள். 2011இல் தாள்களே வேறு. ஒப்பிட முடியாததைக் கலந்தார்கள். சட்டத்தின் பாஷையில், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை இரண்டையும் தடுக்கிறது: சமமானவர்களைச் சமமில்லாமல் நடத்துவதையும், சமமில்லாத நிலையில் உள்ளவர்களை ஒன்றுபோல் நடத்துவதையும். இன்னொரு வித்தியாசமும் இருந்தது, சட்டத்தரணிக்கு அது பெரிது. தனியொருவர் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகும் 126ஆம் உறுப்புரை 1978 யாப்போடு வந்தது. எழுபத்துநாலில் மாஸ்ரருக்குத் தட்டுவதற்கு அந்தக் கதவு இருக்கவில்லை.

கதவு வந்தபின் முதலில் தட்டியவர்களில் தெற்கத்தியாரும் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 1980இல் தீர்ந்த செனவிரத்ன வழக்கு மாவட்டப் பங்கீட்டை எதிர்த்து வந்தது. அப்போது 30 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வசதியில்லாத பிரதேசத்துப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குவது சமத்துவத்தை மீறவில்லை என்று நீதிமன்றம் பங்கீட்டை நிலைநிறுத்தியது. பிறகு அது 40, 55, 5 என்று மாறியது. அந்தக் கடைசி 5 வீதத்தைப் பெறும் 16 மாவட்டங்களின் பட்டியலில் இன்று யாழ்ப்பாணமும் இருக்கிறது. எழுபதுகளில் படிப்பில் முந்தியது என்று வெட்டப்பட்ட மாவட்டம் இப்போது பின்தங்கியது என்று அணைக்கப்படுகிறது. மாஸ்ரருக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பில்லை.

2012 ஜூன் 25, திங்கட்கிழமை தீர்ப்பு வந்தது. ஆயத்துக்குத் தலைமை தாங்கியவர் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க. 1996இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த முதற் பெண்மணி. அதற்கு முன் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடத்தில் கற்பித்தவர், பீடாதிபதியாக இருந்தவர். விடைத்தாள் திருத்திய கை அது. (அடுத்த தையில் அவரையே பதவி நீக்கினார்கள், அது வேறு பெரிய கதை.) பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதியதில் எழுதியவர்களும் இருவேறு தொகுதியினர், அவர்களைக் கலந்து கணித்த இசட் புள்ளி செல்லாது, தனித்தனியே கணித்து மீண்டும் வெளியிட வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

பலரும் இதைக் கல்வித் துறையின் தொழில்நுட்ப விஷயத்தில் நீதிமன்றம் மூக்கை நுழைத்தது என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எது சிறந்த சூத்திரம் என்று நீதிமன்றம் தீர்மானிக்கப் போகவில்லை. ஒருவரை ஒருவரோடு ஒப்பிட அடிப்படை இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று கண்டது. அது நீதிமன்றத்தின் சொந்த வேலை. மாஸ்ரர் சுட்டிய ஊகம், இரு கூட்டமும் சம திறமை என்பது, தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே கிடந்தது என்பதும் உண்மை. பிரித்தது குறைந்த அநீதி என்றுதான் இன்றும் நான் நினைக்கிறேன். அநீதியே இல்லை என்று சொல்லமாட்டேன்.

நடைமுறையில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். ஜூலையில் புதிய இசட் புள்ளிகள் வந்தன. ஆகஸ்டில் அடுத்த உயர்தரப் பரீட்சை. இடம் கிடைக்குமா என்று தெரியாமல் மறுபடி புத்தகத்தைத் தூக்கியவர்கள் எத்தனையோ பேர். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம் என்பதால் ஒரு தடவையை வீணாக்குவது சின்ன விஷயமில்லை. அதே நேரம் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தமும் ஜூலையில் தொடங்கி ஒக்டோபர்வரை இழுத்தது. மாஸ்ரர் வீட்டில் தங்கையின் புள்ளி உயர்ந்தது, அண்ணனுடையது இறங்கியது. இறக்கம் பெரிதில்லை, ஆனால் அவன் நின்ற இடம் வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில். தங்கை பொறியியலுக்குப் போனாள். அண்ணன் மூன்றாம் ஷை எழுதவில்லை. கணக்கியல் படித்து இப்போது கொழும்பில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறான். இருவருக்கும் அதனால் மனக்கசப்பு உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலையுமில்லை.

மாஸ்ரரோடு தொடர்பு விடவில்லை. அவர் பல வருடம் உயர்தரப் பௌதிகவியல் விடைத்தாள் திருத்தப் போனவர். பிள்ளைகள் எழுதிய வருடங்களில் மட்டும் போகவில்லை. ஒருநாள் அவர் என் வாதத்தில் ஓட்டை ஒன்றைக் காட்டினார். "ஒரே தாள், மொழி மட்டும்தான் வேற எண்டு சொன்னியள். மொழி வேற எண்டா அது ஒரே தாளோ?"

நான் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. மொழிபெயர்த்த உறுதியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒப்பமிட்டால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு மேல் கேட்பதில்லை. ஆனால் பரீட்சை வினா உறுதியைப் போல இல்லை. பொருள் மாறாமலே கடினம் மாறலாம். ஒரு வாக்கியம் நீண்டுவிட்டால், பாடநூலில் ஒரு கலைச்சொல்லும் தாளில் இன்னொன்றும் வந்துவிட்டால், பௌதிகம் தெரிந்த பிள்ளை அரை நிமிடம் தடுமாறும். ஐம்பது பல்தேர்வு வினாக்களில் அரை நிமிடம் என்ன விலை என்று மாஸ்ரருக்குத் தெரியும். அங்கே தாள் பௌதிகத்தை அளப்பதை விட்டு வாசிப்பை அளக்கத் தொடங்கிவிடுகிறது. தமிழ்மூலத் தாள்களில் மொழிபெயர்ப்புக் குறை என்ற முறைப்பாடு பரீட்சை முடிந்ததும் பத்திரிகைகளில் வரும், இரண்டு வாரத்தில் மறையும். அதை எவரும் வழக்காக்குவதில்லை. காரணம், சாட்சியம் இல்லை. "பிள்ளைகள் அழுதுகொண்டு வந்தார்கள்" என்பதைச் சத்தியக்கடதாசியில் எழுதலாம். சட்டமா அதிபர் பக்கத்திலிருந்து எழும்பி, சிங்களப் பிள்ளைகளும் அதே வினாவில் அழுதார்கள் என்று ஒரு வரி சொன்னால் மனு முடிந்தது.

சாட்சியம் எப்படி இருக்கவேண்டும் என்பதையும் அளவீட்டுத் துறை சொல்கிறது. பல நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் பீசா தேர்வில், ஆங்கில மூலத்திலிருந்தும் பிரெஞ்சு மூலத்திலிருந்தும் இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குகிறார். அதோடு விடுவதில்லை. முன்னோட்டமாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு வினாவையும் விசாரணைக்கு எடுக்கிறார்கள். மொத்தத்தில் ஒரே அளவு புள்ளி எடுத்த இரு மொழிப் பிள்ளைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் ஒரு மொழிக்காரர் விழுகிறார்களா என்று பார்க்கிறார்கள். மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்பவர்கள் அங்கே மட்டும் விழுந்தால் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியது அந்த வினாதான். எனக்கு மிகவும் பிடித்த குறுக்கு விசாரணை இது. எழுபதுகளில் தமிழ்ப் பரீட்சகர்மேல் சுமத்திய பழியையும் இதே முறையால் சோதித்திருக்கலாம். யாரும் அதைக் கேட்கவில்லை.

எங்கள் இசட் புள்ளி மூன்று மொழிமூலத்தையும் ஒரே சராசரியில்தான் கணிக்கிறது. அது சரியென்றே நானும் மாஸ்ரரும் முடிவுக்கு வந்தோம். எழுபதுகளுக்குத் திரும்ப யாருக்கும் ஆசையில்லை. ஆனால் மூன்று மொழியையும் ஒன்றாகக் கணிக்கும் உரிமை, மூன்று மொழித் தாளும் உண்மையில் ஒரே தாள் என்று காட்டுகிறவருக்குத்தான் உண்டு. அதைக் காட்டவேண்டிய சுமை யாருடையது என்று சாட்சியச் சட்டம் படித்த எவரும் சொல்வார்: அப்படிச் சொல்கிறவருடையது.

பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. எந்த வினாவுக்கு எத்தனை வீதத்தினர் எந்த விடையைத் தெரிந்தார்கள் என்பதுகூட அவற்றில் இருக்கும். ஆசிரியர்களுக்கு நல்ல பொருள். நான் புரட்டியவற்றில் மொழிமூல வாரியான பிரிப்பைக் காணவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, பரீட்சையின் நேர்மைக்குக் கேடு விளையும் என்றால் தகவலை மறுக்க இடம் தருகிறது. நடந்து முடிந்து, பெறுபேறும் வெளியாகி, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போயும் சேர்ந்துவிட்ட ஒரு தாளின் எண்ணிக்கைகள் எந்த நேர்மையைக் கெடுக்கும் என்று தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு முன் நின்று வாதிட எனக்கு ஆசை.

மாஸ்ரர் ஓய்வு பெற்றுவிட்டார். விண்ணப்ப வரைவு ஒன்றை எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். முதலாம் வினாவிலிருந்து ஐம்பதாம் வினாவரை, சிங்களமூலம், தமிழ்மூலம், ஆங்கிலமூலம் என்று பிரித்து, சரியாக விடையளித்தோர் வீதம் என்ன என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. எந்த வருடத் தாளுக்குக் கேட்பது என்று அவர் இன்னும் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.